மேஜையின் அடிப்பக்கம்

பழைய ஈட்டி மர மேஜை ஒன்றை யார் முன்னால் கொண்டுவந்து வைத்தாலும் முதலில் எழுகிற கேள்வி, "இது யார் செய்தது?" என்பதுதான். நன்றாகச் செய்யப்பட்டிருக்கிறதா என்ற கேள்வி இரண்டாவதாகத்தான் வருகிறது. பல பேரிடம் அது வருவதே இல்லை. ஏலக்கடைக்காரருக்குப் பெயர் வேண்டும். வாங்குகிறவருக்கு அவரைவிட அதிகமாக வேண்டும். பெயர் ஒன்று கிடைத்துவிட்டால் அதே மேஜைக்கு, ஓர் ஆணிகூட மாறாமல், விலை பல மடங்கு ஏறிவிடுகிறது. இலக்கியத்திலும் இதுதான் நடக்கிறது என்பதை வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. பத்திரிகையில் ஒரு கதையைப் படிக்குமுன் தலைப்புக்குக் கீழே இருக்கிற பெயரைப் பார்த்துக்கொள்ளாதவர் நம்மில் எத்தனை பேர்?

பெயரைத் தேடக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. தேடுகிற முறையைப் பற்றித்தான் எனக்குச் சண்டை. பொருளைப் பார்த்துப் பெயருக்குப் போகலாம். பெயரைப் பிடித்துக்கொண்டு பொருளுக்கு வரலாம். முதல் வழியில் போகிறவனுக்குப் பெயர் கிடைக்காமல் போனாலும், கையில் மேஜை மிஞ்சும். இரண்டாவது வழியில் வருகிறவன் மேஜையைப் பார்ப்பதே இல்லை. இந்த வித்தியாசத்தைச் சற்று விரிவாகவே பார்ப்பது நல்லது. ஏனென்றால், விமரிசனம் என்று நாம் சொல்லிக்கொள்கிற காரியத்தின் லட்சணம் முழுவதும் இதில் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது.

முதலில் மரம். இங்கிலீஷ்காரர்கள் ரோஸ்வுட் என்று பெயர் வைத்தது பூவையோ நிறத்தையோ பார்த்து அல்ல. அறுக்கும்போது எழுகிற வாசனையை வைத்து. நம்மவர்கள் ஈட்டி என்றும் தோதகத்தி என்றும் சொல்லுகிறார்கள். ஆனால் ரோஸ்வுட் என்பது ஒரே மரம் அல்ல. டால்பெர்ஜியா என்கிற பெரிய குடும்பம் அது. நம்முடைய மேற்குத் தொடர்ச்சி மலையில் வளருகிற ஈட்டி அதில் ஒன்று. பிரேசில் நாட்டுக் கடலோரக் காடுகளில் வளர்ந்தது மற்றொன்று. வைரம் பாய்ந்த நம் ஈட்டியில் ஊதா கலந்த பழுப்பு தெரியும். கரிய ரேகைகள் ஓரளவு நேராக ஓடும். பிரேசில் மரத்தில் செம்பழுப்பு தூக்கலாக இருக்கும். கரிய ரேகைகள் சிலந்தி வலை மாதிரி தாறுமாறாகப் பின்னிக் கிடக்கும். பழகிய கண்ணுக்கு வித்தியாசம் தெரியும் என்பார்கள். ஆனால் நூறு வருஷத்து வெயிலும் மெருகும் ஏறிய பிறகு, பழகிய கண்ணும் தடுமாறக்கூடிய இடம் அது.

இது வெறும் ரசனைச் சண்டையாகவும் இல்லை. பிரேசில் ரோஸ்வுட்டை 1992-ல் சர்வதேச வாணிப ஒப்பந்தத்தின் மிகக் கண்டிப்பான பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். 2017-ல் டால்பெர்ஜியா குடும்பம் முழுவதையுமே கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தார்கள். பாட்டனார் காலத்து மேஜையானாலும் எல்லை தாண்ட வேண்டுமென்றால் எந்த மரம், எந்தக் காலத்தது என்று காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. மரத்தின் பிறப்பைச் சொல்லத் தெரியாதவன் அதை விற்கவும் முடியாமல் தவிக்க நேரிடும்.

என்றாலும் மேலே தெரிகிற மரம் எவ்வளவு அழகாக இருந்தாலும், மேஜை பிறந்த ஊரை அது சொல்லாது. இந்தியாவின் ஈட்டியும் பிரேசிலின் ரோஸ்வுட்டும் கப்பலேறி லண்டனுக்கும் கோபன்ஹேகனுக்கும் போயின. விலையுயர்ந்த மரம் எந்த ஊருக்கும் போகும். அதற்கு யாத்திரைச் செலவு கட்டும். ஊரைச் சொல்வது மறைந்திருக்கிற மட்ட மரம்தான். இழுப்பறையின் அடிப்பலகை, பின்பலகை, உள்ளே கொடுத்த தாங்கு கட்டை - இவற்றுக்கு எந்தத் தச்சரும் கடல் கடந்து மரம் வரவழைக்கமாட்டார். அக்கம்பக்கத்தில் மலிவாகக் கிடைப்பதைத்தான் போடுவார். உள்ளே ஓக் இருந்தால் வடக்கு ஐரோப்பாவை நினைக்க இடமுண்டு. தேக்கு இருந்தால் நம் பக்கத்துக் கடற்கரையை நினைக்கலாம். ரோஸ்வுட்டை மெல்லிய ஏடாக அறுத்து, பைன் மரத்தின் மீது ஒட்டியிருக்கிறதா, அல்லது முழுப் பலகையாகவே போட்டிருக்கிறதா என்று பார்ப்பதும் உதவும். மரத்துக்காகக் கப்பலை எதிர்பார்த்திருந்தவன் ஏடாக அறுத்துச் சிக்கனம் பிடித்தான். காடு பக்கத்தில் இருந்தவன் தாராளமாகப் பலகையாகவே அறுத்தான்.

ஆகையால் மேஜையின் சரித்திரத்தைப் படிக்க விரும்புகிறவன் அதைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். மேல் பக்கம் பிறருக்காகச் செய்தது. அடிப்பக்கம் யாரும் பார்க்கமாட்டார்கள் என்று விட்டது. அங்கேதான் உண்மை இருக்கிறது. ஒருவர் மேலும் ஒருவர் கீழுமாக நின்று இழுத்த ரம்பம் பலகையில் நேர்க்கோடுகளை விட்டுச் செல்லும். வட்ட ரம்பம் வில் வில்லாகக் கீறல் போடும். அது 19-ஆம் நூற்றாண்டில் பரவிய கருவி. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், நுனி மொட்டையாக, தலையிலுள்ள பள்ளம் நடுவிலிருந்து சற்று ஒதுங்கி இருக்குமானால், கையால் அராவியது என்று அறியலாம். நுனி கூரான இயந்திரத் திருகாணி 1840-களின் கடைசியில்தான் வழக்கத்துக்கு வந்தது. தலையில் சிலுவைக் குறி வெட்டிய திருகாணி இருந்தால் 1930-களுக்குப் பிறகு யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இழுப்பறையின் மூலையில் புறா வால் மாதிரி விரித்து வெட்டிக் கோத்த பொருத்து இருக்கும். வால்கள் எல்லாம் அச்சில் வார்த்தாற்போல் ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் வெட்டியது. ஒன்று சற்றுப் பருத்து, ஒன்று சற்று மெலிந்து இருந்தால் மனிதன் வெட்டியவை. வட்ட மேஜையின் மேற்பலகை முழு மரமாக இருந்தால், ரேகை ஓடுகிற திசையில் ஒரு முறையும் அதற்குக் குறுக்காக ஒரு முறையும் அளக்க வேண்டும். பல தலைமுறை கண்ட பலகை குறுக்கே சுருங்கியிருக்கும். வட்டம் வட்டமாக இராது. இரண்டு அளவும் மயிரிழை பிசகாமல் ஒத்துவந்தால், விற்பவர் சொல்லும் வயதை நம்பத் தயங்க வேண்டும்.

இப்படிக் கவனியாத இடத்தில் கலைஞனைத் தேடுகிற முறைக்கு ஓவிய விமரிசனத்தில் ஒரு முன்னோடி உண்டு. ஜோவன்னி மொரெல்லி என்கிற இத்தாலியர், வைத்தியம் படித்தவர், படங்களில் முகத்தையும் பாவத்தையும் விட்டுவிட்டு, காது மடலையும் விரல் நகத்தையும் பார்க்கச் சொன்னார். முகத்தைச் சீடனும் போலிக்காரனும் முயன்று காப்பியடிப்பார்கள். காது மடலை அவரவர் கைப்பழக்கத்தில் போட்டுவிடுவார்கள். 1870-களில் இந்தக் கட்டுரைகள் வெளிவந்தபோது பல பெரிய காட்சிசாலைகளில் தொங்கிய பெயர்ச் சீட்டுகள் ஆட்டம் கண்டன. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஊரார் படங்களுக்கெல்லாம் பெயர் கண்டுபிடித்த மொரெல்லி, அந்தக் கட்டுரைகளைத் தம் பெயரில் வெளியிடவில்லை. ருஷ்யர் ஒருவர் எழுதியது போல் லெர்மோலியெஃப் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்.

மரத்தையும் ஊரையும் காலத்தையும் இப்படிக் கண்டுபிடித்துவிடலாம். செய்தவர் பெயருக்கு வரும்போதுதான் வழி கரடுமுரடாகிறது.

பிரான்சில் தச்சர் சங்கம் 1743-ல் ஒரு விதி செய்து, 1751-லிருந்து அதைக் கட்டாயமாக்கியது. ஒவ்வொரு தலைமைத் தச்சரும் தம் பெயரை இரும்பு முத்திரையால் மரத்தில் பதிக்க வேண்டும். சில மேஜைகளை ஒப்பனை செய்து விற்ற வியாபாரிகளுக்கு இது பிடிக்கவில்லை; பெயர் தெரிந்துவிட்டால் வாடிக்கைக்காரர் நேரே பட்டறைக்குப் போய்விடமாட்டாரா? என்றாலும் முத்திரைகள் நின்றன. புரட்சி வந்து 1791-ல் சங்கங்களையே கலைத்த பிறகும் அவை மரத்தோடு இருக்கின்றன.

இங்கிலாந்தில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. மரச்சாமான் என்றதும் உலகமே சொல்லுகிற பெயர் தாமஸ் சிப்பண்டேல். 1754-ல் அவர் வெளியிட்ட மாதிரிப் படப் புத்தகம் ஊர் ஊராகப் போயிற்று. யார் வேண்டுமானாலும் பார்த்துச் செய்தார்கள். ஆனால் அந்த மனிதர் தம் சாமான்களில் முத்திரை குத்தும் வழக்கம் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே சிப்பண்டேல் என்று ஆயிரக்கணக்கான சாமான்களைச் சொல்லுகிறார்கள். சிப்பண்டேல் பட்டறையில் செய்தது என்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவை, ஹேர்வுட், நாஸ்டெல் போன்ற மாளிகைகளில் பழைய ரசீதுகளோடு ஒப்பிட்டுப் பார்க்க முடிந்த கொஞ்சம்தான். மனிதன் பெயர் பாணியின் பெயராகிவிட்டது. "இன்னாருடையது", "இன்னாருடையதாகக் கருதப்படுவது", "இன்னார் பாணியில் அமைந்தது" என்று ஏலப் பட்டியல்களில் படிப்படியாகச் சொற்கள் இருக்கின்றன. ஒவ்வொரு படியிலும் நிச்சயம் குறைகிறது; எழுத்தின் அளவு மட்டும் குறைவதில்லை. அந்தப் பெரிய பெயரின் வெளிச்சத்தில் கூட நிற்கிற சின்னச் சொற்களை வாங்குகிறவர் படிப்பதில்லை. விமரிசனத்தில் கௌரவமெல்லாம் அந்தச் சின்னச் சொற்களில்தான் இருக்கிறது.

ஈட்டி மர மேஜைகளைப் பொறுத்தவரை எனக்கு மிகவும் பிடித்த சரித்திரம் லங்காஸ்டர் ஊரிலிருந்த கில்லோ கம்பெனியுடையது. 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கி, பின்னால் லண்டனிலும் கடை வைத்தவர்கள். 19-ஆம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் ரோஸ்வுட் மேஜைகள் இங்கிலாந்தில் பெரிய மோகமாக இருந்தபோது அவர்களும் நிறையச் செய்தார்கள். இங்கிலாந்தில் ஊர் வழக்கத்துக்கு மாறாகத் தங்கள் பெயரை மரத்தில் பொறிக்கத் தொடங்கியவர்கள் அவர்கள். இழுப்பறையின் விளிம்பில் சிறிய எழுத்துக்களில் பெயரும் ஊரும் இருக்கும்.

அதோடு அவர்கள் கணக்கும் வைத்திருந்தார்கள். 1784-லிருந்து தொடங்குகிற மதிப்பீட்டுப் புத்தகங்கள் இன்று லண்டனில் வெஸ்ட்மின்ஸ்டர் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கோட்டுப் படம். எவ்வளவு மரம், எந்த மரம், பசைக்கு என்ன, திருகாணிக்கு என்ன, கூலி என்ன என்று காசு காசாக விவரம். பல இடங்களில் வேலை செய்த தச்சரின் பெயரும் எழுதியிருக்கிறது. சில மேஜைகளில் அந்தத் தச்சர்களே, முதலாளியின் முத்திரைக்கு எட்டாத மூலையில், பென்ஸிலால் தங்கள் பெயரை எழுதிவைத்திருக்கிறார்கள். சூஸன் ஸ்டூவர்ட் என்கிற ஆராய்ச்சியாளர் இந்தக் கணக்குகளையும் சாமான்களையும் ஒப்பிட்டு 2008-ல் இரண்டு பெரிய பாகங்களில் நூல் எழுதியிருக்கிறார்.

அந்தப் பென்ஸில் எழுத்தைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசில் ஏதோ செய்கிறது. முத்திரை முதலாளியுடையது. மாதிரிப் படம் வேறு ஒருவர் போட்டது. மரம் யாரோ ஒரு காட்டு மனிதன் வெட்டியது. இவற்றுக்கு நடுவே, வாரக் கூலிக்கு வந்த ஒருவன், "இதை நான் செய்தேன்" என்று, யாருக்கும் தெரியாத இடத்தில், அழிந்துபோகக்கூடிய பென்ஸிலால் எழுதுகிறான். யார் படிப்பார்கள் என்று எண்ணி எழுதினான்? ஒருவரும் படிக்கமாட்டார்கள் என்று தெரிந்தேதான் எழுதியிருப்பான். எழுத்தாளன் என்று சொல்லிக்கொள்கிற எவனுக்கும் அவன் உடன்பிறப்பு.

டென்மார்க்கில் இந்தப் பாக்கியை ஓரளவு தீர்த்தார்கள் என்று சொல்லவேண்டும். கோபன்ஹேகன் தச்சர் சங்கம் 1927 முதல் 1966 வரை வருஷந்தோறும் காட்சி நடத்தியது. அதில் உருவம் கற்பித்தவரும் செய்து முடித்த தச்சரும் ஜோடியாக முன்னே வந்தார்கள். ஃபின் யூல் கற்பித்ததை நீல்ஸ் வோடர் செய்தார். மரத்தில் சூடுவைத்த முத்திரையில் இரண்டு பெயர்களும் உண்டு. தச்சர் பெயர் ஒளித்துவைக்கப்படவில்லை. அந்த நாட்டு ரோஸ்வுட் மேஜைகளை இன்று உலகம் தேடி வாங்குகிறது. ஆனால் அங்கேயும் காட்சிக்குப் போன சில நூறு உருப்படிகளுக்குப் பின்னால், சிறு தொழிற்சாலைகளில் செய்து ஏற்றுமதியான ஏராளமான மேஜைகள் உண்டு. அவற்றில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டு என்றோ உதிர்ந்துவிட்டது. சீட்டு உதிர்ந்த மேஜைக்கெல்லாம் பெரிய பெயர் ஒன்றை ஒட்டிவைக்கப் பார்ப்பதுதான் இன்றைய வியாபாரம்.

இனி நம் பக்கம் வருவோம். பழைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த விசாகப்பட்டினத்தில் 18-ஆம் நூற்றாண்டில் செய்த ஈட்டி மரச் சாமான்கள் உலகப் பிரசித்தி பெற்றவை. ஈட்டியில் தந்தத்தைப் பதித்து, தந்தத்தில் கோடு கீறி, கீறலில் கரிய அரக்கை நிரப்பிப் பூவும் கொடியும் வரைந்தார்கள். அந்தக் கொடிகளைப் பார்க்கிறவனுக்கு அதே கடற்கரையில் நெய்து எழுதிய சித்திரத் துணிகளின் ஞாபகம் வரும். உருவம் ஐரோப்பியருடையது, மேலே படர்ந்த கொடி நம்முடையது. லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் காட்சிசாலையில் இவற்றுக்கு நல்ல இடம் கொடுத்திருக்கிறார்கள். அமின் ஜாஃபர் 2001-ல் எழுதிய பெரிய நூலும் இவற்றை விரிவாக ஆராய்கிறது. வாங்கிய துரைகளின் பெயர்கள் தெரிகின்றன. கவர்னர்கள் பெயர் தெரிகிறது. செய்தவர்கள் கம்சாலி என்கிற கம்மாளர் குலத்தார் என்கிற வரைக்கும் தெரிகிறது. அதற்கு மேல் பெயர் கிடைப்பதில்லை. லங்காஸ்டர் கூலித் தச்சன் ஒரு பென்ஸில் கோட்டிலாவது மிஞ்சினான். இங்கே அவன் கையைவிடச் சற்றும் தாழாத கை, தந்தத்தில் மயிரிழைக் கொடி கீறிவிட்டுப் பெயரில்லாமல் போய்விட்டது.

பெயர் இல்லாததை உலகம் எப்படி நடத்தும், பெயர் வந்ததும் எப்படி நடத்தும் என்பதற்குச் சண்டிகர் நல்ல உதாரணம். புதிய நகரம் கட்டியபோது பியர் ஜான்னரேயும் அவருடன் வேலைசெய்த யூலி சௌத்ரி முதலிய நம் நாட்டுக் கட்டடக் கலைஞர்களும் கற்பித்த மேஜை நாற்காலிகளை, தேக்கிலும் ஈட்டியின் ஒன்றுவிட்ட சகோதரனான சீசம் மரத்திலும் உள்ளூர்ப் பட்டறைகள் செய்து குவித்தன. அவற்றில் எழுதியிருந்தது கல்லூரியின் பெயர்ச் சுருக்கமும் சாமான் எண்ணும்தான். சர்க்கார் ஆபீஸ்களில் கால் ஒடிந்து, மொட்டை மாடியில் மழையில் நனைந்து, கழிவுச் சாமான் ஏலத்தில் போயின. பிறகு வெளிநாட்டு ஏலங்களில் ஜான்னரே என்ற பெயரோடு அவை தோன்றியபோது விலை எங்கேயோ போய்விட்டது. 2011-ல் மத்திய சர்க்கார் அவற்றை ஏற்றுமதி செய்யக் கூடாது என்று உத்தரவு போட வேண்டியிருந்தது. மழையில் கிடந்தபோது இருந்த அதே மரம், அதே வேலை. அன்று பார்க்கக் கண் இல்லை. இன்றும் கண் வந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. பெயர்தான் வந்திருக்கிறது. அதை அறுத்து இழைத்த பஞ்சாபித் தச்சர்களின் பெயர் இன்னும் வரவில்லை.

நம் ஊர்களில் இதைவிடச் சின்ன அளவில், ஆனால் தினந்தோறும், இது நடக்கிறது. பழைய வீடு இடிபடும்போது ஈட்டி மேஜை ஒன்று வெளியே வரும். "யார் செய்ததோ, துரை காலத்துச் சாமான்" என்பார்கள். பெயர் இல்லை, ஆகவே மரத்தின் எடைக்கு விலை பேசுகிறார்கள். அல்லது அதைவிட மோசமாக, புதிதாக்குகிறேன் என்று இயந்திரத்தால் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்து, அடியில் இருந்த ரம்பக் கீறல், உளித் தடம், கரிக்கோடு எல்லாவற்றையும் அழித்துவிடுகிறார்கள். செய்தவன் விட்டுச்சென்ற ஒரே கையெழுத்து அதுதான் என்பது தெரியாமலே அழிக்கிறார்கள்.

பெயர் தெரியாத கலைஞனை எப்படி மதிப்பது என்று நமக்கு வேறு நாட்டார் சொல்லித்தரத் தேவையில்லை. சங்க நூல்களைத் தொகுத்த பெரியவர்களுக்கு இதே சங்கடம் வந்தது. பாட்டு கையில் இருந்தது. பாடியவர் பெயர் இல்லை. அவர்கள் பிரபலமான புலவர் ஒருவர் தலையில் அதைக் கட்டிவிடவில்லை. பெயரில்லை என்று பாட்டைத் தள்ளவும் இல்லை. பாட்டுக்குள்ளேயே தேடி, அவரைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாத ஒரு சொற்றொடரை எடுத்து, அதையே பெயராக வைத்தார்கள். செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் இன்றைக்கு நாம் சொல்லுகிறோமே, அவையெல்லாம் தாய் தந்தையர் இட்ட பெயர்கள் அல்ல. செய்த வேலை இட்ட பெயர்கள். உலகத்து விமரிசன சரித்திரத்தில் இதைக்காட்டிலும் நாணயமான காரியம் எனக்குத் தெரியாது.

மேஜைக்கும் இது செல்லும். செய்தவர் பெயர் கிடைத்தால் சந்தோஷம். ரசீது, முத்திரை, கணக்குப் புத்தகம் என்று சாட்சி வைத்துச் சொல்லலாம். முத்திரையும் பொய்யாகக் குத்தப்படலாம் என்பதால் அடிப்பலகையையும் திருகாணியையும் கேட்டுவிட்டுச் சொல்ல வேண்டும். சாட்சி இல்லாவிட்டால், "இழுப்பறை மூலையில் ஐந்து வால் வெட்டி, நடு வாலை மட்டும் சற்று அகலமாக விடுகிறவர்" என்று சொன்னால் போதும். அது ஒரு மனிதனைப் பற்றிய உண்மையான வாக்கியம். பெரிய பெயரைப் பொய்யாக ஒட்டுவதைவிட அந்தத் தச்சருக்கு அதுவே மரியாதை. இன்னொரு வீட்டில் இன்னொரு மேஜையின் அடியில் அதே நடு வாலை யாராவது காணும்போது, அவருக்கு இரண்டாவது வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

ஆகவே வீட்டில் பழைய ஈட்டி மேஜை வைத்திருக்கிற வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். மெருகு போட ஆளைக் கூப்பிடுமுன் இரண்டு பேராகப் பிடித்து அதைக் கவிழ்த்துப் பாருங்கள். விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கீறல்கள் தெளிவாகத் தெரியும். பெயர் எதுவும் இல்லாமல் இருக்கலாம். அதற்காக ஏமாற்றப்பட்டதாக நினைக்க வேண்டாம்; உளி பட்ட இடங்களைப் படியுங்கள்.